ஏற்காட்டுச் சரிவைப் பார்த்து, தீயும் மழையும் செய்த வேலையை அறிவது எப்படி

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் ஏறுபவர்களுள் பலர், மாசி, பங்குனி மாதங்களில் சன்னலுக்கு வெளியே தெரியும் காய்ந்த புல்லையும் அங்கங்கே நிற்கும் மரங்களையும் பார்த்துவிட்டு, காடெல்லாம் அழிந்துபோய்விட்டது என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது சில சரிவுகளுக்குப் பொருந்தும். சில சரிவுகளுக்குச் சிறிதும் பொருந்தாது. மரங்களின் தலைகள் ஒன்றையொன்று தொடாமல், தரை முழுவதும் வெயில் விழுந்து, இடைவெளியெல்லாம் புல் நிறைந்திருக்கும் நிலத்தைப் புவியியல் பாடநூல்கள் சவானா என்று சொல்கின்றன. அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு ஆப்பிரிக்காவின் சிங்கமும் வரிக்குதிரையும் நினைவுக்கு வருகின்றனவே தவிர, கோரிமேட்டைத் தாண்டியதும் கண்ணில் படும் மலைச்சரிவு நினைவுக்கு வருவதில்லை. ஆனால் மழை, வறட்சி, தீ, மேய்ச்சல் ஆகிய நான்கும் சேர்ந்து ஒரு நிலத்தில் புல்லுக்கும் மரத்துக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கும் முறை அங்கும் இங்கும் பெரும்பாலும் ஒன்றுதான்.

ஒரு சரிவில் மரம் குறைவாக இருப்பதற்கு மழை காரணமா, மண் காரணமா, தீ காரணமா, அரிவாளும் ஆடும் காரணமா என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்லும் முறையைக் கீழே விளக்குகிறேன். இதற்குத் தாவரவியல் பட்டம் தேவையில்லை. ஒரு நோட்டு, தையல்காரர் வைத்திருப்பது போன்ற அளவு நாடா, அரை மீட்டருக்கு ஒரு கோடு போட்ட 2 மீட்டர் குச்சி, படம் எடுக்க ஒரு கைப்பேசி, சுருட்டிக் குழலாக்கிய ஒரு தாள் ஆகியவை போதும். இவற்றைவிட முக்கியமாகத் தேவைப்படுவது, ஒரே இடத்துக்கு ஓர் ஆண்டில் நான்கு முறை போகும் பொறுமை.

முதலில் மழைக் கணக்கு

சரிவுக்குப் போவதற்கு முன்பே நோட்டின் முதல் பக்கத்தில் அந்த இடத்தின் உயரத்தையும் ஆண்டு மழையளவையும் எழுதிக்கொள்ள வேண்டும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஆண்டுக்கு ஏறத்தாழ 900 முதல் 1000 மில்லிமீட்டர் மழை பெறுகிறது. ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கு மழை ஏறத்தாழ 1500 மில்லிமீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது என்ற பொதுக் கணக்கின்படி, அடிவாரத்துக்கும் மேலுக்கும் 7 அல்லது 8 பாகை வேறுபாடு வருகிறது. ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் இவ்வளவு வேறுபாடு கிடைப்பதுதான் இம்மலையில் இந்தப் பயிற்சியைச் செய்வதிலுள்ள வசதி.

மொத்த மழையைவிட அது எந்த மாதங்களில் பெய்கிறது என்பதே நமக்கு முக்கியம். தென்மேற்கும் வடகிழக்கும் ஆகிய இரண்டு பருவமழைகளும் இங்கே எட்டிப் பார்க்கின்றன. மார்கழிக்குப் பிறகு வானம் மூடிக்கொள்ள, தை, மாசி, பங்குனி மூன்றும் ஏறக்குறைய மழையின்றிக் கழிகின்றன. ஆண்டின் ஒரு பாதி புல்லை வளர்க்கிறது, மறுபாதி அதே புல்லை விறகாக்குகிறது. ஆண்டு முழுவதும் சீராகத் தூறும் இடத்தில் எரிய ஒன்றும் காய்வதில்லை. ஆண்டு முழுவதும் வறண்டிருக்கும் இடத்தில் எரியும் அளவுக்கு ஒன்றும் வளர்வதில்லை. இரண்டுக்கும் நடுவே, நனைந்தும் காய்ந்தும் மாறி மாறி வரும் தட்பவெப்பமே தீக்கு உகந்தது. ஆகவே, இந்த மாசியில் தீ எப்படி இருக்கும் என்று கணிக்க விரும்புகிறவர் இந்த மாசியின் வெயிலை மட்டும் பார்த்தால் போதாது. சென்ற ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழையையும் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்தது. அப்படிப்பட்ட ஆண்டுக்கு அடுத்த கோடையில் மரங்கள் வறட்சியால் துன்பப்பட்டாலும், புல் அடர்ந்து வளர்ந்திருக்காததால் பரவும் தீக்கு எரிபொருள் குறைவாகவே இருக்கும்.

இங்கே ஓர் அளவுகோலை நினைவில் வைத்துக்கொள்வது உதவும். மகேஷ் சங்கரனும் உடன் ஆய்வாளர்களும் ஆப்பிரிக்காவில் 854 இடங்களின் தரவுகளைத் தொகுத்து 2005இல் வெளியிட்ட ஆய்வு, ஆண்டு மழை ஏறத்தாழ 650 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கும் இடங்களில் மரங்களின் உச்ச அளவை மழையே கட்டுப்படுத்துகிறது என்றும், அதற்கு மேல் மழை பெறும் இடங்களில் மரங்கள் தலைகோத்து மூடிக்கொள்ளத் தண்ணீர் போதுமானதாக இருப்பதால், அங்கே புல்வெளி நீடிக்கிறது என்றால் தீயோ மேய்ச்சலோ மரங்களைத் தடுத்து நிறுத்துகிறது என்றும் காட்டியது. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், சேலம் அடிவாரமே 650ஐத் தாண்டிவிடுகிறது. எனவே அடிவாரத்துக்கு மேலே ஒரு சரிவில் மரம் குறைவாக இருப்பதைக் கண்டவுடன் மழை போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போவதற்கு இடமில்லை. வேறு காரணத்தைத் தேடியாக வேண்டும்.

ஆனால் ஆப்பிரிக்க எண்ணை அப்படியே நம் மலைமீது ஒட்டிவிடவும் கூடாது. ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையின் பெரும்பகுதி சார்னோக்கைட் என்னும் கடினப் பாறையால் ஆனது. பாறைமீது ஒரு சாண் மண் மட்டுமே படிந்திருக்கும் இடத்தில் 1000 மில்லிமீட்டர் மழை பெய்தாலும் அது நிற்காமல் ஓடிவிடும்; அங்கே இருக்கும் மரத்துக்கு அது 500 மில்லிமீட்டர் ஊரைப் போலத்தான். மண்ணின் ஆழத்தை அறிய எங்கும் தோண்ட வேண்டியதில்லை. சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில் மண்ணின் குறுக்குவெட்டு சுவர் போலத் தெரியும். அளவு நாடாவை அதன்மீது வைத்துப் பாறை வரை எவ்வளவு என்று குறித்துக்கொள்ளலாம். அரை மீட்டருக்கும் குறைவாக இருந்தால், அந்தச் சரிவைப் பற்றிய எந்த முடிவுக்கும் பக்கத்தில் ‘மண் குறைவு’ என்று எழுதி வையுங்கள்.

எங்கே நிற்பது, எப்போது நிற்பது

காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழையக் கூடாது. நுழைய வேண்டிய தேவையும் இல்லை. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறும் சாலையும், குப்பனூர் வழியாக ஏறும் சாலையும் நமக்குப் போதும். சாலை என்பது ஒரு தீத்தடுப்புக் கோடும் ஆகும். கீழிருந்து ஏறி வரும் புல் தீ பல நேரங்களில் சாலையின் விளிம்பில் நின்றுவிடுகிறது. எனவே ஒரே மண்ணும் ஒரே மழையும் பெறும் சரிவின் இரண்டு துண்டுகள், சாலைக்குக் கீழே ஒரு வகையாகவும் மேலே வேறு வகையாகவும் வளர்ந்திருப்பதைக் காண முடிகிறது. ஆய்வாளர்கள் பணம் செலவழித்து வேலி கட்டி உருவாக்கும் ஒப்பீட்டை நெடுஞ்சாலைத் துறை நமக்கு இலவசமாகச் செய்து கொடுத்திருக்கிறது என்றே சொல்லலாம். ஒரு குறை உண்டு: அணையாத பீடித்துண்டும் சமைத்துவிட்டுப் போன அடுப்புக்கல்லும் சாலையோரத்தில்தான் அதிகம் என்பதால், சாலையை ஒட்டிய பத்து இருபது மீட்டர் மற்ற இடங்களைவிட அடிக்கடி எரிந்திருக்கும். நம் மலைகளில் தீ பெரும்பாலும் மனிதர்களாலேயே பற்றுகிறது; மின்னல் பெரும்பாலும் கோடை மழையோடு சேர்ந்தே வருவதால் அது மூட்டும் தீ குறைவு. ஆகவே பார்வையைச் சாலை விளிம்பிலிருந்து சற்றே உள்ளே செலுத்த வேண்டும்.

இரண்டு சரிவுகளைத் தேர்ந்தெடுங்கள்: ஒன்று தெற்கு நோக்கியது, மற்றொன்று வடக்கு நோக்கியது. நாம் இருப்பது வட அட்சக்கோட்டில் ஏறத்தாழ 11.8 பாகையில், கோடைக்கு முந்தைய மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், தெற்குச் சரிவு நேர் வெயிலை வாங்கி முன்கூட்டியே காய்கிறது. ஒரே மலையில் வடக்குச் சரிவில் மரம் அடர்ந்தும் தெற்குச் சரிவில் புல் ஓங்கியும் இருந்தால், அந்த வேறுபாட்டில் வெயிலுக்குரிய பங்கைக் கழித்த பிறகே தீயின் பங்கைப் பேச வேண்டும்.

தை இறுதி, சித்திரை, ஆனி, கார்த்திகை ஆகிய நான்கு நேரங்களில் அதே இடத்தில், அதே கல்லின் மேல் நின்று, அதே திசையில் படம் எடுங்கள். கல்லின் படத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளாவிட்டால் மூன்றாம் முறை எந்தக் கல் என்று தெரியாமல் அலைய நேரும், எனக்கு நேர்ந்தது.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மாசி முதல் சித்திரை வரை, சரிவில் எங்காவது புகை தெரிந்தால் அன்றைய வேலையை விட்டுவிட்டு இறங்கிவிடுங்கள். சரிவு 10 பாகை கூடும்போதெல்லாம் மேல்நோக்கிச் செல்லும் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பது தீயணைப்போர் பின்பற்றும் கணக்கு. அதாவது 20 பாகைச் சரிவில் அது சமதரையில் ஓடுவதைப்போல் நான்கு மடங்கு வேகத்தில் ஏறும், மனிதரோ மூச்சிரைத்து வேகம் குறைந்து ஏறுவார். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையில், காய்ந்த புல் நிறைந்த சரிவில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். எரியும் சரிவுக்கு மேலே ஒருபோதும் நிற்காதீர்கள்.

மரங்களை எண்ணாமல் உயரங்களை எண்ணுங்கள்

இந்தப் பயிற்சியின் மையம் இதுதான். பெரும்பாலானோர் ஒரு சரிவில் எத்தனை மரங்கள் என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கை மட்டும் தீயின் வேலையைக் காட்டாது. தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் 1954 முதல், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 எக்டேர் பரப்புள்ள துண்டுகளைச் சில ஆண்டுதோறும், சில இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, சில ஒருபோதும் எரிக்காமல் விட்டு ஒப்பிட்டு வருகிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் எண்ணிப் பார்த்தபோது, அடிக்கடி எரிந்த துண்டிலும் எரியாத துண்டிலும் மரங்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. அவற்றின் உயரத்திலும் பருமனிலும்தான் வேறுபாடு இருந்தது. புல் தீ மரத்தை வேரோடு கொல்வது அரிது. அது மரத்தைக் குட்டையாகவே வைத்திருக்கிறது.

அது நடக்கும் விதம் எளியது. புல் தீயின் சுடர் பெரும்பாலும் ஆள் உயரத்துக்குள் அல்லது அதற்குச் சற்று மேலே முடிந்துவிடுகிறது. அந்த உயரத்துக்குள் இலையும் நுனி மொட்டும் இருக்கும் கன்றின் தண்டு செத்துவிடும். ஆனால் மண் வெப்பத்தை மோசமாகக் கடத்துவதால், சில அங்குல ஆழத்தில் வேருக்குத் தீ நடந்ததே தெரியாது. கோடை மழை விழுந்ததும் வேர் தன் சேமிப்பைச் செலவிட்டு நாலைந்து தளிர்களை அனுப்பும். அடுத்த ஆண்டு மறுபடியும் தீ வரும், மறுபடியும் தளிர் கருகும். தலை சுடருக்கு மேலே எட்டும்வரை இந்தச் சுழற்சியிலிருந்து விடுதலை இல்லை. தொடர்ந்து சில ஆண்டுகள் தீ வராமல் போனால், அந்த இடைவெளியில் வேகமாக வளர்ந்து தப்பிவிடும் கன்றே மரமாகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்ததற்கு முன்பே ஒருவர் சொல்லிக் கேட்டேன். கொட்டச்சேட்டுக்குக் கீழே சாலையோரத்தில் முழங்கால் உயர வேங்கைக் கன்றுகளை எண்ணி, இவ்வளவு புதுக்கன்றுகள் முளைத்திருக்கின்றனவே என்று மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டிருந்தேன். மாடு ஓட்டிக்கொண்டு வந்த, இம்மலையின் பழங்குடியினரான மலையாளி இனத்துப் பெரியவர் ஒருவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, “இது புதுசா மொளச்ச கன்னு இல்லீங்க தம்பி. நான் சின்னப் பையனா ஆடு மேய்ச்சப்பவும் இது இதே ஒசரந்தான்” என்றார். மழையில் அரித்துப்போன கரையோரம் என்னை அழைத்துப்போய், வெளியே தெரிந்த ஒரு வேரைக் காட்டினார். மேலே சுண்டுவிரல் பருமனில் மூன்று தளிர்கள். அவற்றின் அடியில் என் மணிக்கட்டைவிடப் பருத்த, முண்டு முண்டான கட்டை. அதன் தலையில் கருகிய பழைய தண்டுகளின் எச்சங்கள், தேய்ந்துபோன பற்களைப்போல வரிசையாக. ஒன்பது வரை எண்ணினேன். அதன் பிறகுதான் நோட்டில் ‘கன்று’ என்ற பத்தியைத் திருத்தி, ‘விதைக்கன்று’, ‘மறுதளிர்’ என இரண்டாகப் பிரித்தேன்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள ஒரு துண்டைக் கண்ணால் வரையறுத்து, அதற்குள் உள்ள ஒவ்வொரு மரச்செடியையும் குச்சியின் கோடுகளோடு ஒப்பிட்டு நான்கு வரிசைகளில் எழுதுங்கள்: முழங்காலுக்குக் கீழே, முழங்காலுக்கு மேல் தலை உயரம் வரை, தலை உயரத்துக்கு மேல் 4 மீட்டர் வரை, அதற்கும் மேல். ஒரு காடு தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருந்தால் இந்த நான்கிலும் ஆள் இருக்கும். கீழே கூட்டம், மேலே போகப் போகக் குறைவு. அடிக்கடி எரியும் சரிவில் முதல் இரண்டு வரிசைகள் நிறைந்தும், கடைசி வரிசையில் சில பெரிய மரங்கள் நின்றும், மூன்றாவது வரிசை காலியாகவும் இருக்கும். குழந்தைகளும் கிழவர்களும் மட்டும் உள்ள ஊர் அது, நடுவயதுக்காரர் இல்லை. அந்த வெற்றிடமே தீயின் மிகத் தெளிவான அடையாளம் என்பது என் கருத்து. கரியைவிட அதை நான் நம்புகிறேன், ஏனெனில் கரி ஒரு மழைக்காலத்தில் மங்கிவிடும், இந்த இடைவெளி பத்தாண்டுகள் நிற்கும்.

பட்டையும் கரியும்

பெரிய மரங்கள் எப்படித் தப்பின என்பதற்கு அவற்றின் பட்டையைப் பாருங்கள். பட்டைக்கு உள்ளே இருக்கும், தண்டைப் பருக்கச் செய்யும் மெல்லிய உயிரடுக்கான வளர்படுகை ஏறத்தாழ 60 பாகை செல்சியஸை எட்டினால் இறந்துவிடுகிறது. அந்த வெப்பம் உள்ளே போய்ச் சேர எடுக்கும் நேரம் பட்டைத் தடிப்பின் இருமடியைப் பொறுத்தது. பட்டை இரு மடங்கு தடித்தால் மரத்துக்கு நான்கு மடங்கு அவகாசம் கிடைக்கிறது. புல் தீ ஒரு மரத்தடியை ஓரிரு நிமிடங்களில் கடந்துவிடுவதால், அந்தச் சிறிய அவகாசமே போதும். கருமருதின் பட்டை முதலைத் தோல்போலக் கட்டம் கட்டமாக வெடித்துத் தடித்திருப்பது இதனால்தான் பயன்படுகிறது. சந்தன மரமோ தீயைத் தாங்காது; அடிக்கடி எரியும் சரிவில் நின்ற சந்தனம் பாறை இடுக்குகளிலும் முட்புதர்களின் நடுவிலும் மட்டும் எஞ்சியிருப்பதைக் காணலாம். தடிப்பை அளக்க நிற்கும் மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. விழுந்து கிடக்கும் கிளையிலோ, காற்றில் சாய்ந்த மரத்திலோ அளவு நாடாவை வைத்துப் பாருங்கள்.

அடிமரத்தில் உள்ள கரியின் உயரத்தை இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். காற்று வந்த பக்கத்தில் கரி தாழ்வாகவும், காற்று போன பக்கத்தில் சுடர் சுழன்று ஏறுவதால் உயரமாகவும் இருக்கும். மலைச்சரிவில் அடிமரத்தின் மேட்டுப்பக்கத்தில் சருகு சேர்ந்து நெடுநேரம் எரிவதால், அங்கே தலைகீழான ‘வி’ வடிவத்தில் பட்டை உரிந்த வடு உண்டாகிறது. அந்த வடுவின் ஓரத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக மடிந்த தழும்பு விளிம்புகள் தெரிந்தால், அம்மரம் ஒரு முறைக்கு மேல் எரிந்து ஆறியிருக்கிறது.

புல்லைக் குனிந்து பாருங்கள்

நின்றுகொண்டே பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே புல். குனிந்து ஒரு குத்தின் அடியைப் பிரித்துப் பார்த்தால், அதன் வளரும் முனைகள் மண்ணோடு மண்ணாக, பழைய இலையுறைகளுக்குள் பொதிந்திருப்பது தெரியும். தீ எடுத்துப்போவது செத்த இலைகளை மட்டுமே. சொல்லப்போனால், சென்ற ஆண்டின் காய்ந்த தாள்கள் அகன்றுவிடுவதால் வெளிச்சம் அடிவரை விழுந்து, புதுத் தளிர் முன்னைவிட விரைவாக வருகிறது. இப்புற்களில் பெரும்பாலானவை சி4 என்னும் ஒளிச்சேர்க்கை முறையைக் கொண்டவை. கடும் வெயிலிலும் வெப்பத்திலும் சிறப்பாக வளர்ந்து, நிழலில் தோற்றுப்போகின்றன. ஆகவே மரம் புல்லை வெல்வது வேரால் மட்டுமன்று, நிழலாலும்தான்.

ஊசிப்புல்லின் விதை ஒன்றைத் தை மாதத்தில் பறித்து வீட்டுக்கு எடுத்து வாருங்கள். தேட வேண்டியதில்லை, வேட்டியிலும் காலுறையிலும் அதுவே குத்திக்கொண்டு வரும். கீழ்முனை ஊசிபோலக் கூர்மையாக, பின்னோக்கிச் சாய்ந்த மயிர்களோடு இருக்கும். மேலே முறுக்கிய கயிறுபோல நீண்ட பழுப்பு வால். ஒரு தட்டில் ஈர மண்ணைப் பரப்பி அதன்மீது விதையை வைத்து, வாலின் மீது இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நொடிகளில் வால் முறுக்கவிழ்ந்து சுழலத் தொடங்கும். காயும்போது மறுபடியும் முறுக்கிக்கொள்ளும். இரவுப் பனியில் ஒரு சுழற்சி, பகல் வெயிலில் எதிர்ச்சுழற்சி என விதை தன்னைத் தானே திருகாணிபோல மண்ணுக்குள் இறக்கிக்கொள்கிறது. பின்னோக்கிய மயிர்கள் அது வெளியே வராமல் பிடித்துக்கொள்கின்றன. தீ வரும்போது விதை மண்ணின் அடியில் பத்திரமாக இருக்கிறது. ஊசிப்புல் ஓங்கிய சரிவைக் கண்டால், அது தீயோடு பழகிய சரிவு என்று நோட்டில் எழுதலாம். சிற்றீச்சைத் தூறுகளும் அப்படியே. தீக்குப் பின் கருகிய குட்டைத் தண்டின் உச்சியிலிருந்து அது புது ஓலையை விரிக்கிறது, மலை மக்கள் மாறு கட்டுவதற்கு விரும்புவதும் அந்த இளம் ஓலையைத்தான்.

முதல் கோடை மழைக்குப் பின் தரையைக் கவனியுங்கள். செங்காந்தள், தண்ணீர்விட்டான், நிலப்பனை போன்ற கிழங்குச் செடிகள் கரிந்த நிலத்திலிருந்து கிளம்பி வந்தால், அந்தப் புல்நிலம் நேற்று உண்டானதன்று என்று ஊகிக்க இடமிருக்கிறது. மாறாக, பழைய கல் வரப்புகளும் தும்பையும் ஆவாரையும் நாயுருவியும் மட்டுமே தென்பட்டால், அது முன்பு சாமையோ கேழ்வரகோ விளைந்து தரிசாக விடப்பட்ட நிலமாக இருக்கலாம். இந்த இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது பெரும் பிழை.

புல்லின் எடையை அளக்க விரும்பினால் உங்கள் சொந்தப் பட்டா நிலத்தில் செய்யுங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் உள்ள புல்லை அடியோடு அறுத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து நிறுத்து, கிராம் கணக்கில் வரும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் எக்டேருக்கு எத்தனை கிலோ என்பது கிடைக்கும். 300 கிராம் என்றால் எக்டேருக்கு 3 டன். அது தொடர்ந்து பரவும் தீக்குத் தாராளம். 50, 60 கிராம் என்றால், இடையிடையே வெறும் மண் தெரியும். தீ அங்கங்கே தடுக்கி நின்றுவிடும்.

நிழலை அளக்கும் நூறு அடிகள்

சுருட்டிய தாளைக் கண்ணில் வைத்துக்கொண்டு, சரிவின் குறுக்கே நூறு காலடி நடந்து, ஒவ்வொரு காலடியிலும் நேர் மேலே பார்த்து, குழலின் நடுவில் இலை தெரிகிறதா வானம் தெரிகிறதா என்று எண்ணுங்கள். இலை தெரிந்த எண்ணிக்கையே மரநிழலின் விழுக்காடு. இதைக் கார்த்திகையில், இலை நிறைந்திருக்கும்போது செய்ய வேண்டும். பங்குனியில் செய்தால் இலையுதிர்த்த வெக்காலியும் மருதும் உங்களை ஏமாற்றிவிடும். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் செய்யப்பட்ட ஆய்வுகள், மரநிழல் ஏறத்தாழ 40 விழுக்காட்டைத் தாண்டியதும் எரியும் பரப்பு சட்டென்று குறைவதைக் காட்டுகின்றன: நிழலில் புல் மெலிகிறது, காற்று தளர்கிறது, ஈரம் தங்குகிறது. ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் வெப்பமண்டல நிலங்களில் அடர்காடும் திறந்த சவானாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க முடிவதும், நடுத்தர நிழல் அரிதாகக் காணப்படுவதும் இதனால்தான் என்று விளக்கப்படுகிறது. ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் அந்தப் பக்கமே தன்னை நிலைநிறுத்திக்கொள்கிறது.

வெட்டும் மேய்ச்சலும் உண்ணிச்செடியும்

தீயால் செத்த தண்டு கருத்துக் கூம்பிய குச்சியாகத் தளிர்களின் நடுவே நிற்கும். அரிவாள் பட்ட தண்டில் சாய்வான தட்டை வெட்டு தெரியும். ஆடு கடித்த செடி, கத்தரித்த வேலிபோல உருண்டு, நுனிகள் நார் நாராகக் கிழிந்திருக்கும். மாடு அதிகம் மேயும் இடத்தில் புல் குறைந்து தீயும் குறைய, அந்த இடைவெளியில் முட்செடிகள் ஏறிவிடுகின்றன. அதைக் காடு திரும்புகிறது என்று எண்ணி மகிழ வேண்டாம். உண்ணிச்செடி மூடிய இடம் இன்னும் சிக்கலானது. அது புல்லை நிழலிட்டு ஒழிக்கிறது. ஆனால் கடும் கோடையில் பற்றிக்கொண்டால், தரையில் ஓட வேண்டிய தீயை ஏணி வைத்து மரத்தின் தலைக்கு ஏற்றிவிடுகிறது. உண்ணிச்செடி உள்ள துண்டை ஒப்பீட்டிலிருந்து நீக்கிவிடுவதே நல்லது.

மேலே ஏற்காட்டை நெருங்கினால் காப்பித் தோட்டங்களும் அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும் தொடங்கிவிடுகின்றன. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து அங்கே காப்பி பயிராகிறது; அந்த நிழலை மனிதர் நட்டது என்பதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் காப்பிப் பூவை மலரச் செய்யும் கோடை மழை எந்த நாளில் வந்தது என்று தோட்டத்தில் வேலை செய்பவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் அந்தத் தேதியைத் தவறாமல் நினைவில் வைத்திருப்பார்கள்; கீழே சரிவில் தீக்காலம் முடிந்த தேதியும் பெரும்பாலும் அதுதான்.

வானிலிருந்து ஒரு சரிபார்ப்பு

தரையில் எடுத்த முடிவை வானத்திலிருந்து எடுத்த படத்தோடு ஒப்பிடலாம். நாசாவின் ஃபர்ம்ஸ் இணையத்தளத்தில் சேர்வராயன் மலையைப் பெரிதாக்கிப் பார்த்தால், செயற்கைக்கோள்கள் கண்டறிந்த தீப்புள்ளிகள் தேதிவாரியாகக் கிடைக்கும். மோடிஸ் கருவியின் பதிவுகள் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கின்றன. விர்ஸ் கருவியின் ஒரு புள்ளி 375 மீட்டர் அகலமுள்ளது. அது நம் தலைக்கு மேல் பகல் ஒன்றரை மணி, இரவு ஒன்றரை மணி அளவில் கடக்கிறது. மாலை நான்கு மணிக்குப் பற்றி ஏழு மணிக்கு அணைந்த சிறு தீ அதில் விழாமல் போகலாம். எனவே புள்ளி இல்லை என்பதைத் தீ இல்லை என்று படிக்கக் கூடாது. 2015 முதல் கிடைக்கும் சென்டினல்-2 படங்களில் 10 மீட்டர் அளவுவரை தெளிவு இருப்பதால், எரிந்த துண்டு கரும்பழுப்பாகத் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் சித்திரைப் படத்தை மட்டும் எடுத்து வரிசையாக வைத்தால், உங்கள் சரிவு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எரிகிறது என்பது கிடைத்துவிடும்.

எந்த மாதத்தில் எரிந்தது என்பதையும் குறியுங்கள். தை மாதத்தில் புல் பாதி பச்சையாக இருக்கும்போது ஓடும் தீ திட்டுத்திட்டாக எரிந்து அடங்கும்; பங்குனித் தீ ஒன்றையும் விடாது. வட ஆஸ்திரேலியாவின் ஆர்னம் நிலத்தில் பழங்குடி மக்கள் வறட்சிக்காலத்தின் தொடக்கத்திலேயே சிறு தீக்களை இட்டுப் பின்னர் வரும் பெருந்தீயைத் தடுப்பது இந்த அறிவின் அடிப்படையில்தான். இதைப் படித்துவிட்டு யாரும் தீப்பெட்டியோடு புறப்பட்டுவிடக் கூடாது. காப்புக்காட்டில் தீ வைப்பது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம், அந்த வேலைக்கு வேண்டிய பயிற்சியும் நமக்குக் கிடையாது.

குறிப்பை வைத்து முடிவுக்கு வருதல்

மண் ஆழமாக இருந்து, மூன்றாவது உயர வரிசை காலியாக இருந்து, முழங்கால் உயரத்தில் பருத்த வேருள்ள மறுதளிர்கள் நிறைந்திருந்து, நிழல் 40 விழுக்காட்டுக்கு வெகு கீழே இருந்து, சித்திரைப் படங்கள் அடிக்கடி கரும்பழுப்பைக் காட்டினால், அந்தச் சரிவைத் தீயே பிடித்து வைத்திருக்கிறது. மண் ஒரு சாண் மட்டுமே இருந்து, பத்தாண்டுகளாக எரியாமலும் மரம் வளராமலும் இருந்தால், அது பாறையின் வேலை. வெட்டுத் தழும்புகள் நிறைந்திருந்தால் விடை தெரிந்ததுதான். பல சரிவுகளில் இவற்றுள் இரண்டு சேர்ந்தே இருக்கும். அப்போது இரண்டையும் எழுதுங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காற்றில் கரியமில வாயு தொழிற்புரட்சிக்கு முன்பிருந்த 280இலிருந்து இன்று பத்து லட்சத்துக்கு 420 பங்குக்கு மேல் உயர்ந்திருப்பது மறுதளிர்களின் வேர்ச் சேமிப்புக்குச் சாதகமாக இருக்கிறது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். நம் தாத்தா காலத்துத் தீக்குத் தோற்ற தளிர், அதே இடைவெளியில் வரும் இன்றைய தீயிலிருந்து தப்பிவிடக்கூடும்.

மரக்கன்று நடும் ஆர்வமுள்ள குழுவினர் இந்தக் கணக்கை முதலில் போட்டால் நல்லது. ஆடியில் குழி எடுத்து ஐந்நூறு கன்றுகள் நட்ட ஒரு சரிவை அடுத்த சித்திரையில் போய்ப் பார்த்தேன். நட்ட கன்றுகள் அத்தனையும் கருகியிருந்தன, குழிக்கு இரண்டடி தள்ளி யாரும் நடாத வேங்கையும் நெல்லியும் தளிர்த்துக்கொண்டிருந்தன. அந்த வேர்களைச் சுற்றி இரண்டு மூன்று கோடைகளுக்குப் புல்லை அறுத்துவிட்டிருந்தாலே போதுமாக இருந்திருக்கும்.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் துண்டில் பத்து மறுதளிர்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் எண் பொறித்த அலுமினியத் தகட்டை மெல்லிய இரும்புக் கம்பியால் தளர்வாகக் கட்டுங்கள்; துணியும் பிளாஸ்டிக்கும் முதல் தீயிலேயே போய்விடும். ஆனியில் ஒருமுறையும் கார்த்திகையில் ஒருமுறையும் உயரத்தை அளந்து எழுதுங்கள். ஒரே மழையில் எந்த மரம் இடுப்பளவு ஏறுகிறது, எது சாண் ஏறுகிறது என்பது இரண்டாம் ஆண்டுப் பக்கத்தில் தெரியத் தொடங்கும்.